79 காட்சிகளில் முடிந்துபோன ஸ்கார்லெட்

அன்புள்ள சோமசுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. உன் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி ஒரு பெரிய நாவலை மேடையேற்றப் போகிறார்கள் என்பதையும், எழுதும் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதையும், அதில் பாட்டும் இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். லண்டனில் நான் பார்த்த அந்த இசை நாடகம் ஏன் ஓடவில்லை என்று விவரமாக எழுதச் சொல்லியிருக்கிறாய். அதைப் பற்றி வீட்டில் யாரும் என்னிடம் கேட்பதில்லை. ஆகவே நீ கேட்டதே எனக்குச் சந்தோஷம். சற்று நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

மார்கரெட் மிட்செலின் ‘கான் வித் த விண்ட்’ நாவலை இசை நாடகமாக்கி, 2008 ஏப்ரல் 22 அன்று நியூ லண்டன் தியேட்டரில் தொடங்கினார்கள்; ஜூன் 14 அன்று முடித்துக்கொண்டார்கள். மொத்தம் 79 காட்சிகள். செப்டம்பர் மாதம் வரைக்கும் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்த நாடகம் அது. ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு செலவில் உருவானது. இயக்கியவரோ பெயர் தெரியாத ஆள் இல்லை. ‘கேட்ஸ்’, ‘லே மிஸராப்ள’ ஆகியவற்றைத் தந்த டிரெவர் நன். அவ்விரண்டுக்கும் மேடை அமைத்த ஜான் நேப்பியரே இதற்கும் மேடை அமைத்தார். நாயகி ஸ்கார்லெட்டாக அமெரிக்க நடிகை ஜில் பேய்ஸ், அவளை மணக்கும் ரெட் பட்லராகத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி மூலம் நாடெங்கும் பெயர் பெற்ற டேரியஸ் டேனேஷ். கதையோ உலகத்துக்கே தெரிந்த கதை. இத்தனையும் கையில் இருந்தும் எட்டு வாரத்துக்குள் ஒரு நாடகம் படுத்துவிடுகிறது என்றால், அதற்கு இவர்களுக்குத் தொழில் தெரியவில்லை என்பது காரணமாக இருக்க முடியாது.

அந்த அரங்கத்தின் ராசியும் காரணமில்லை. ‘கேட்ஸ்’ 1981 முதல் 2002 வரை 21 ஆண்டுகள், 8,949 காட்சிகள் ஓடியது அங்கேதான். அது இருக்கும் தெருவின் பெயர் ட்ரூரி லேன். அங்கிருந்து சில நிமிட நடையில் தியேட்டர் ராயல் இருக்கிறது. இதே நாவல் அங்கே 1972ஆம் ஆண்டில் இசை நாடகமாக வந்திருக்கிறது என்பதை நான் பிறகுதான் படித்தேன். அதன் வரலாறு சுவையானது. முதலில் அது ஜப்பானில் பிறந்தது. டோக்கியோவின் இம்பீரியல் தியேட்டரில் இந்த நாவலைப் பாட்டில்லாத நாடகமாகப் போட்டு வெற்றி கண்ட கஸுவோ கிகுதா என்பவர், பிறகு அமெரிக்க இசையமைப்பாளர் ஹெரால்ட் ரோமை வரவழைத்துப் பாட்டெழுதச் செய்து, 1970இல் ‘ஸ்கார்லெட்’ என்ற பெயரில் ஜப்பானிய மொழியில் மேடையேற்றினார். அதுவே ஆங்கிலமாகி லண்டனுக்கு வந்து, ஓர் ஆண்டளவு ஓடி, பிறகு அமெரிக்காவில் சில ஊர்களைச் சுற்றிவிட்டு, நியூயார்க்கை எட்டாமலே நின்றுபோயிற்று. லண்டனில் முதல் நாள் இரவு, அட்லாண்டா நகரம் எரியும் காட்சியில் மேடைக்கு வந்த நிஜக் குதிரை, வந்த இடத்திலேயே தன் கடனைக் கழித்துவிட்டதாம். அரங்கில் இருந்த ஆங்கில நாடகாசிரியர் நோயல் கோவர்ட் அது பற்றி அடித்ததாகப் பரவிய கிண்டலை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நேரில் வரும்போது சொல்கிறேன்.

2008இல் குதிரை இல்லை. அந்த வகையில் நன் விவரமாகவே இருந்தார்.

இந்த நாடகத்தை எழுதியவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கதையாக்கம், பாடல், இசை மூன்றும் மார்கரெட் மார்ட்டின் என்ற ஒரே அம்மையாருடையவை. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர், பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மேடைக்கு அதற்கு முன்பு ஒரு நாடகமும் எழுதியவர் அல்லர். நாவலைப் படித்து அதில் ஆழ்ந்து, தாமாகவே பாட்டும் கதையுமாக எழுதி முடித்து, மிட்செலின் உரிமையாளர்களிடம் அனுமதியும் பெற்று, நேராக டிரெவர் நன்னுக்கு அனுப்பிவைத்தார். நன் அதை எடுத்துக்கொண்டார் என்பதே ஒரு பெரிய அதிசயம். பத்திரிகைகள் பிறகு அந்த அம்மையாரின் அனுபவமின்மையைக் கைகொட்டிச் சிரித்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கற்றுக்குட்டி எழுதி உலகப் புகழ் பெற்ற நாடகங்கள் உண்டு. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எழுதி ஓர் இரவில் மூடியவையும் உண்டு. அவரிடம் இருந்த குறை வேறு. அந்த நாவலின் மீது அவருக்கு இருந்தது பக்தி. பக்தியோடு ஒரு நாவலைத் தொடுகிறவருக்குக் கத்தரிக்கோலை எடுக்கக் கை வராது.

நாவலின் முதல் பதிப்பு 1,037 பக்கங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சற்று முன் தொடங்கி, போர் முடிந்து அதன் பின்விளைவுகள் வரை பன்னிரண்டு ஆண்டுக் கதை. நாயகிக்கு மூன்று திருமணம், மூன்று பிள்ளைகள். நான்கு மணி நேரம் ஓடிய 1939 திரைப்படமே அந்தப் பிள்ளைகளில் இருவரைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு ஒரே மகளோடு கதையை முடித்துக்கொண்டது. மேடையிலோ இவர்கள் எதையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு ஓடினார்கள். முன்னோட்டக் காட்சிகள் நான்கு மணியை நெருங்கின. அதில் வெட்டிக் குறைத்த பிறகும் தொடக்க நாளன்று மூன்றரை மணிக்கு மேல் நீண்டது. நான் போவதற்குள் இன்னும் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் இரண்டாம் பாதியில் என் பக்கத்து இருக்கை அம்மாள் கைக்கடிகாரத்தை மேடை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புறநகருக்குப் போகும் கடைசி ரயில் பற்றிய கவலை இங்கே நாடகம் பார்க்கிற எல்லோருக்கும் உண்டு. விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ பார்த்துவிட்டு நேரே வகுப்புக்குப் போன நீயும் நானும் நீளத்தைக் குறையாகச் சொல்ல மாட்டோம் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். நீளம் பொறுக்கலாம். அந்த நீளத்துக்குள் எந்த ஒரு காட்சியும் உட்கார்ந்து மூச்சு விடவில்லை என்பதுதான் சிக்கல்.

இத்தனை நிகழ்ச்சிகளையும் கடத்துவதற்கு நன் ஓர் உத்தியைக் கையாண்டார். நடிகர்கள் பாத்திரமாகப் பேசிக்கொண்டே இருக்கையில், சட்டென்று பார்வையாளர் பக்கம் திரும்பி, இன்னார் இன்ன ஊருக்குப் போனார், இத்தனை மாதம் கழிந்தது என்று கதைசொல்லியாக மாறிச் சொல்லிவிட்டு, மீண்டும் பாத்திரத்துக்குள் போய்விடுவார்கள். இது நன்னுக்குப் புதிதல்ல. 1980இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக ஜான் கெயர்டுடன் சேர்ந்து டிக்கன்ஸின் ‘நிக்கலஸ் நிக்கல்பி’யை எட்டரை மணி நேர நாடகமாக, இரண்டு பகுதிகளாகத் தந்தபோது இதே உத்திதான் அதன் உயிராக இருந்தது, அந்த நாடகத்தை இன்றும் கொண்டாடுகிறார்கள். அப்படியென்றால் ஒன்றில் உயிரான உத்தி இன்னொன்றில் ஏன் சுமையாயிற்று? நான் நினைப்பது இதுதான்: டிக்கன்ஸின் நாவலில் கதைசொல்லியே ஒரு பாத்திரம். அவர் கேலி செய்வார், கோபப்படுவார், வாசகனின் தோளில் கைபோட்டுப் பேசுவார். அந்தக் குரலை முப்பது நாற்பது நடிகர்கள் பங்கு போட்டுக்கொண்டால் மேடை கலகலப்பாகும். மிட்செலின் நடை வேறு. கதை தானாக விரைந்து ஓடும். சொல்கிறவரின் குரல் நம் காதில் தனியாக விழாது. அதை எடுத்து நடிகர்கள் வாயில் வைத்தால், மிஞ்சுவது தகவல் மட்டும். ரெட் பட்லர் தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் அறிவித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கையில், அந்த மனிதரின் மிடுக்கு பாதி குறைந்துவிட்டது.

இனி நீ மிகவும் கேட்க விரும்பும் விஷயத்துக்கு, அதாவது பாட்டுக்கு வருகிறேன். ஜில் பேய்ஸ் நன்றாகப் பாடினார். டேனேஷின் குரலும் கனமான குரல். மெட்டுகள் மனத்தில் நிற்கவில்லை என்று எல்லோரும் எழுதினார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் மெட்டு இன்னும் நன்றாக இருந்திருந்தால் நாடகம் பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இசை நாடகத்தில் பாட்டு எப்போது வருகிறது என்று யோசித்துப் பார். ஒரு பாத்திரம் தன் உள்ளத்தைத் தானே எட்டிப் பார்க்கும் கணத்தில் வருகிறது. அல்லது பேச்சில் அடங்காத ஒன்று பொங்கி வழியும் கணத்தில் வருகிறது. ஸ்கார்லெட் ஓஹாராவின் சிறப்பே அவள் தன்னுள் எட்டிப் பார்க்க மறுப்பவள் என்பதுதான். இதை நாளைக்கு நினைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிவைப்பாள். மெலனி என்பவளை மணந்துகொண்ட ஆஷ்லியைத் தான் உண்மையில் காதலிக்கவே இல்லை என்பது ஆயிரம் பக்கம் கடந்த பிறகே அவளுக்குத் தெரிகிறது. வாசகனுக்கு முந்நூறாவது பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் நாவல் நடக்கிறது. அப்படிப்பட்டவளை மேடை நடுவில் நிறுத்தி, வெள்ளை வெளிச்சம் பாய்ச்சி, உன் மனத்தில் இருப்பதைப் பாடு என்றால் அவள் எதைப் பாடுவாள்? பாடினால் அவள் ஸ்கார்லெட் இல்லை.

நாவலில் ஓர் இடம் உனக்கு நினைவிருக்கும். போரில் எல்லாம் அழிந்து, தாரா பண்ணையில் பசியோடு கிடக்கும் நாள்களில், கொள்ளையடிக்க வீட்டுக்குள் நுழைந்த எதிரிப் படையான வடக்குப் படையின் சிப்பாய் ஒருவனை ஸ்கார்லெட் மாடிப்படியில் நின்று முகத்துக்கு நேரே சுட்டுவிடுகிறாள். சத்தம் கேட்டு, பிள்ளை பெற்ற உடம்போடு நிற்கவும் தெம்பில்லாத, ஆஷ்லியின் மனைவி மெலனி, தூக்கவே முடியாத வாளை இழுத்துக்கொண்டு படியின் உச்சியில் வந்து நிற்கிறாள். அவள் முகத்தில் ஒரு கடுமையான பெருமிதம். அதுவரை அவளை வெறுத்துவந்த ஸ்கார்லெட்டுக்கு, இவளும் நம்மைப் போலத்தான் என்று முதன்முறையாகத் தோன்றுகிறது. அடுத்த நிமிடம் இருவரும் செத்தவனின் பையைத் துழாவிப் பணம் எடுக்கிறார்கள். பிறகு பிணத்தைப் புதைக்க வேண்டும், ரத்தத்தைத் துடைக்க வேண்டும். எவ்வளவு பெரிய காட்சி! ஆனால் இதில் பாட்டுக்கு இடம் எங்கே இருக்கிறது? வேலைதான் இருக்கிறது. இந்த நாவலின் சிறந்த இடங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. ஆகையால் பாடல்கள் எல்லாம் இரண்டாம் தர இடங்களில், ஏற்கெனவே வசனத்தில் சொன்னதை இன்னொரு முறை சொல்லும் வேலையில் போய் உட்கார்ந்துகொண்டன.

ஒரு விதிவிலக்கு உண்டு. அடிமைகளாக வந்த கறுப்பின நடிகர்கள் பாடியபோது அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர்களுக்குப் பாடுவதற்குக் காரணம் இருந்தது; விடுதலை என்ற ஒன்றை அவர்கள் வேண்டி நின்றார்கள். ஸ்கார்லெட்டை வளர்த்த அடிமைப் பெண் மாம்மியாக வந்த நடாஷா இவெட் வில்லியம்ஸின் குரல் கூரையைத் தொட்டது. மார்ட்டின் அம்மையார் இதை அறிந்தே செய்திருக்கிறார். மிட்செலின் நாவல் பண்ணை முதலாளிகளின் பழைய வாழ்வை ஏக்கத்தோடு பார்ப்பது. அடிமைகளை விசுவாசமான பிள்ளைகளாக வரைவது. 1936இல் அச்சானதை 2008இல் அப்படியே மேடையில் வைக்க முடியாது என்பதால், அவர்களுக்கு எழுச்சியான பாடல்களைத் தந்தார். ஆனால் பாட்டு முடிந்ததும் கதை அவர்களைக் கைகழுவிவிட்டு மறுபடியும் ஸ்கார்லெட்டின் கல்யாணத்துக்குப் போய்விடுகிறது. நாடகத்தின் உண்மையான ஏக்கம் ஒரு பக்கம், கதை நகர்வது மறு பக்கம். அந்த இரண்டையும் இணைக்க வேண்டுமானால் நாவலை உடைத்திருக்க வேண்டும். அதற்கு அந்த அம்மையாரின் பக்தி இடம் கொடுத்திராது, உரிமையாளர்களும் விட்டிருக்க மாட்டார்கள்.

‘லே மிஸராப்ள’வை நினைத்துப் பார். ஹ்யூகோவின் நாவல் இதைவிடப் பெரியது. வாட்டர்லூ போர் குறித்த நீண்ட அத்தியாயங்களை அந்த இசை நாடகம் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறிந்தது. 1985இல் லண்டனின் பார்பிகன் அரங்கில் தொடங்கியபோது விமர்சகர்கள் அதையும் குதறினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மக்கள் வந்தார்கள், நாடகம் நின்றது. ஆக விமர்சகர்கள் கொன்றுவிட்டார்கள் என்ற சமாதானம் 2008க்கும் செல்லாது. அந்தக் கதையின் நாயகன், தப்பி வாழும் பழைய கைதி ழான் வால்ழான், தன் பெயரில் வேறொருவன் தண்டனை பெறப்போகிறான் என்று தெரிந்து, வாய் மூடி இருப்பதா, நான்தான் அவன் என்று சொல்லித் தொலைவதா என்று தவிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே பாட்டு தானாக முளைக்கிறது. மனச்சாட்சியோடு மல்லுக்கு நிற்பவன் பாடலாம். மனச்சாட்சியை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிடுகிறவள் பாட முடியாது.

இதற்கு நேர்மாறாக, 2012இல் நியூயார்க்கில் டேவ் மல்லாய் என்பவர் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலிலிருந்து எழுபது பக்க அளவுள்ள ஒரே ஒரு பகுதியை மட்டும் கிள்ளி எடுத்து இசை நாடகமாக்கினார். நதாஷா மயங்கித் தடுமாறுவதும், பியேர் இரவு வானத்தில் வால்நட்சத்திரத்தைப் பார்ப்பதும், அவ்வளவுதான். நெப்போலியன் இல்லை, போர்க்களம் இல்லை. இது சிக்கலான ரஷ்ய நாவல், ஆளுக்கு ஒன்பது பெயர் இருக்கும் என்று முதல் பாட்டிலேயே கிண்டலாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். அதுவும் நியூயார்க்கின் பெரிய அரங்குகள் கொண்ட பிராட்வேக்குப் போய் 336 காட்சிகளோடு நின்றது, பணமாக நஷ்டம்தான். ஆயினும் அது சிறிய அரங்கில் பிறந்த நாளிலிருந்து தன் அளவு தெரிந்த நாடகம்.

என் வாதத்துக்கு இடிக்கிற ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அதே 2008இல், பிராட்வேயில் டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’ இசை நாடகமாக வந்தது. அதையும் எழுதி இசையமைத்தவர் ஜில் சான்டோரியெல்லோ என்ற ஒரே பெண்மணி. அவருக்கும் பிராட்வேயில் அதுவே முதல் நாடகம். சிட்னி கார்டன் காதலித்தவளுக்காகத் தன் தலையைக் கொடுக்கும் கதை பாட்டுக்கென்றே பிறந்த கதை. இருந்தும் 60 காட்சிகளில் முடிந்தது. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. 18 அன்று நாடகம் தொடங்கியது. நியூயார்க்கில் அந்த வாரம் யார் நாடகத்துக்கு டிக்கெட் வாங்கியிருப்பார்கள்? சில தோல்விகளுக்கு மேடைக்குள் காரணம் தேடிப் பயனில்லை. பிறகு கொரியாவில் அதே நாடகம் நன்றாக ஓடியது.

லண்டன் நாடகத்தின் சாவு அப்படி வெளியிலிருந்து வரவில்லை. இங்கே பெரிய அரங்குகளில் இசை நாடகத்துக்குப் பெரும்பாலும் முடிவு நாள் என்று ஒன்று இருக்காது. வாரச் செலவுக்கு வார வசூல் ஈடுகொடுக்கும் வரை ஓடும். மே மாதக் கடைசியிலேயே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். நான் போன அன்று காலி இருக்கைகள் கண்ணை உறுத்தின. இருந்தவர்களோ மனத்துக்குள் பழைய திரைப்படத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். கடைசியில் ரெட் பட்லர் கதவருகே திரும்பி நின்று எனக்குக் கவலையில்லை என்ற அந்தப் புகழ்பெற்ற வசனத்தைச் சொல்ல வாயெடுக்கும்போதே, என் பின்வரிசையில் ஒருவர் அதை முந்திக்கொண்டு முணுமுணுத்தார். ஜப்பானியர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு போலும். பெண்களே எல்லா வேடமும் கட்டும் அவர்களுடைய தகரசுகா குழு 1977 முதல் இதே நாவலை வெவ்வேறு வடிவில் மீண்டும் மீண்டும் மேடையேற்றி அரங்கம் நிரப்பிவருகிறது. சில பதிப்புகளில் ஸ்கார்லெட்டை நடுவில் வைக்கிறார்கள். சிலவற்றில் ரெட் பட்லரே கதாநாயகன். ஒரே மேடையில் நாவல் முழுவதையும் அடைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

டேனேஷ் 2022இல், நாற்பத்தொன்றாம் வயதில் காலமானார் என்ற செய்தியைப் படித்தபோது இந்த நாடகம்தான் நினைவுக்கு வந்தது. மார்ட்டின் அம்மையாரோ தம் பழைய பணிக்கே திரும்பினார். லாஸ் ஏஞ்சல்ஸின் ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்தியம் கொடுத்து, சங்கீதம் கற்றுத்தரும் ‘ஹார்மனி ப்ராஜெக்ட்’ என்ற அமைப்பை 2001லேயே தொடங்கியவர் அவர். அதற்காக அமெரிக்க அதிபர் கையால் பதக்கமும் வாங்கினார். நாடக விமர்சனம் எழுதியவர்களில் எத்தனை பேர் இதை ஒரு வரியாவது குறிப்பிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கை விரல்கள் மிஞ்சும்.

உன் நாவலுக்கு வருவோம். ஐந்து பாகத்தையும் தொட வேண்டும் என்று உன் மாணவர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். ஒப்புக்கொள்ளாதே. மூன்றாம் பாகத்தில் அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினைக்கு உட்காரும் அந்த ஒரு நாளே உனக்கு இரண்டு மணி நேர நாடகத்துக்குப் போதும் என்று படுகிறது. தாயார் பேசாமல் இருக்கும் இடத்தில் பாட்டு வைக்கலாமா என்று நீயே பார். முதல் வரைவு முடிந்ததும் காட்சி வரிசையை மட்டுமாவது எனக்கு அனுப்பு. ஆர்மோனியத்துக்கு நேரில் ஆள் உண்டா, இல்லை ஒலிநாடாவில் ஓட்டப்போகிறார்களா என்பதையும் மறக்காமல் எழுது. டிசம்பரில் ஊர் வர உத்தேசம். ஒத்திகை அப்போது நடந்துகொண்டிருந்தால் பின்வரிசையில் ஓர் இடம் போட்டுவை. வீட்டில் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
நடராசன்